உள்ளங்கையில் எழுதிய பெயர்: தமிழ் வகுப்பறையில் ஊக்கமூட்டலின் வரலாறு



'பள்ளி' என்னும் சொல்லைத் தமிழர் இரண்டு இடங்களுக்கு வழங்கினர். சமண முனிவர் உறைந்த குகையும் பள்ளி. பிள்ளைகள் எழுத்தறிந்த இடமும் பள்ளி. பின்னாளில் இசுலாமியரின் தொழுகையிடம் பள்ளிவாசல் ஆயிற்று. 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், துணிக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் பேசுவது அதனால் பொருத்தமற்ற செயலன்று.

பிள்ளையைப் பாராட்டிப் படிக்கவைப்பது இக்காலத்தில் மேலைநாட்டு உளவியலார் கண்டு சொன்ன புதுமுறை என்றே நம்மிடையே பலர் கருதுகின்றனர். பழைய தமிழ் வகுப்பறையில் பிரம்பு ஒன்றே ஆட்சி செய்தது என்பதும் பரவலான எண்ணம். இரண்டும் பாதி உண்மை. பாராட்டு நம்மிடம் பழங்காலந்தொட்டு இருந்தது. அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போயிற்று என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓர் ஆணை பிறப்பித்தார். மாகாணத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை நாட்டுப் பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் பயில்கின்றனர் என்று ஆட்சியர்கள் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்பது அது. கணக்குகள் வந்து சேர்ந்து தொகுக்கப்பட்டபோது, 1826இல், மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவரும் இருந்தமை தெரியவந்தது. தரம்பால் தம் 'அழகிய மரம்' என்னும் நூலில் 1983இல் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே நம்மவர் இவற்றைப் பரவலாக அறிந்தனர். பெரும்பாலான ஆட்சியர்கள் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பினர். பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் அவ்வாறு செய்யவில்லை. தம் மாவட்டத்தின் 533 பள்ளிகளைப் பற்றி 1823ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் எழுதிய அறிக்கை, வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தவர் எழுதியது.

அதில் ஒரு காட்சி வருகிறது. காலையில் பள்ளிக்கு முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் ஆசிரியர் 'சரசுவதி' என்று கலைமகளின் பெயரை எழுதுவார். அது பெருமையின் அடையாளம். இரண்டாவதாக வரும் பிள்ளையின் கையில் ஒரு சுழியம் இடுவார். புகழும் இல்லை, பழியும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாம் பிள்ளைக்கு மெல்லிய ஓர் அடி. நான்காம் பிள்ளைக்கு இரண்டு. அதன்பின் வரும் ஒவ்வொருவருக்கும் ஓரடி கூடிக்கொண்டே போகும்.

பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய நிலம். எனினும் திண்ணைப் பள்ளியின் நடைமுறை தென்னாடெங்கும் பெரிதும் ஒன்றே. மணலில் விரலால் எழுதுவதும், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரை நடத்துவதும், சோம்பியவனின் இரு கைகளையும் கட்டி உத்திரத்தில் தொங்கவிடும் கோதண்டமும், தோப்புக்கரணமும் தமிழகத்துத் திண்ணைகளுக்கும் உரியவை. கேம்பெல் தொங்கவிடுவதையும் உட்கார்ந்தெழச் செய்வதையும் குறிப்பிடுகிறார். பின்னது வேதனை தருவதாயினும் உடலுக்கு நல்லதாயிருக்கலாம் என்று ஒரு சொல் சேர்த்தும் வைக்கிறார். ஆட்சியருக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

இக்காட்சியில் நாம் ஊன்றிக் காணவேண்டியது அடியன்று. ஒரே உள்ளங்கை இரண்டுக்கும் இடமாயிருப்பதே ஆகும். கலைமகளின் பெயரும் பிரம்பின் தடமும் ஒரே வரிசையின் இரு முனைகள். இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒருவனுக்குப் பாராட்டு, பதினெண்மருக்கு அடி. அந்த ஒருவனும் நன்றாகப் படித்தமைக்காகப் பாராட்டப்பெறவில்லை, பிறரை முந்தியமைக்காகப் பாராட்டப்பெற்றான். இருபது பேரும் விடியுமுன் எழுந்து ஓடிவந்தாலும் ஒருவன்தான் முதல்வன். கடைசியில் வந்தவன் தொலைவான வீட்டிலிருந்து வந்தானா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தானா என்பதை வரிசை கேட்பதில்லை.

தமிழ் இலக்கணம் வகுத்த ஆசிரிய இலக்கணம் இதற்கு முற்றிலும் வேறானது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் பாடஞ் சொல்லும் முறையை விரிக்கிறார். காலமும் இடமும் பார்த்தல், விரைவும் சினமும் இன்மை, விருப்பத்தோடு முகம் மலர்தல், பெற்றுக்கொள்பவன் எவ்வகையிற் பெறுவான் என்றறிந்து அவன் உள்ளம் ஏற்கும்படி கொடுத்தல் ஆகியன அவர் கூறும் நெறிகள். நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொன்ன அவர், ஆகாத ஆசிரியனுக்குப் பனைமரத்தையும் வளைந்த தென்னையையும் காட்டினார். தானாக விழுந்தாலன்றி ஏறிப் பறிக்க இயலாத பனை. ஒருவன் நீர் வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பால் இன்னொருவனுக்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. வகுப்பறையில் முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் காய்க்கும் ஆசிரியரை இதைவிடக் கூர்மையாக எவரும் குறித்ததாக நாம் அறியோம்.

நூலில் முகமலர்ச்சி, திண்ணையில் கோதண்டம். இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது? நன்னூல் கற்பிக்கப்பட்டது முதிர்ந்த மாணாக்கர்க்கு. ஆசிரியரைத் தேடிச் சென்று உடன் வாழ்ந்து கற்றவர்க்கு. திண்ணையில் இருந்தவையோ ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். ஆசிரியருக்கு வருவாய் நெல்லும் சில காசும். முப்பது பிள்ளைகளை ஒருவரே மேய்த்தாக வேண்டும். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைப் பெற்றோரே ஆசிரியரிடம் சொல்லிச் சென்றனர். 'தோலை உரித்தாலும் கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று ஒப்படைத்த தந்தையரைப் பற்றி நம் குடும்பங்களில் இன்றும் கதை உண்டு.

மற்றொரு தடையும் இருந்தது. அது சினத்திலிருந்து பிறந்ததன்று, அன்பிலிருந்து பிறந்தது. தமிழர் பிள்ளையை நேர்முகமாகப் புகழ அஞ்சினர். கண்ணேறு படும் என்ற அச்சம் ஒன்று. புகழ்ந்தால் தலைக்கனம் ஏறும் என்பது மற்றொன்று. யாரை எப்போது புகழவேண்டும் என்று வகைப்படுத்தும் ஔவையாரின் தனிப்பாடல் ஒன்று, நண்பரை அவர் இல்லாதபோதும், ஆசிரியரை எங்கும், வேலை செய்பவரை வேலை முடிவிலும் புகழச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை மட்டும் மனத்துக்குள்ளேயே புகழ்ந்துகொள்ளச் சொல்கிறது. திருக்குறளிலும் தாய் மகிழ்வது மகனைத் தானே புகழ்ந்தன்று. பிறர் அவனைச் சான்றோன் எனக் கேட்டே. இம்மரபில் ஒரு நாகரிகம் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் இருக்கும் பிள்ளை மகன் மட்டுமல்லன். காலை முதல் நண்பகல் வரை ஒரு வேலையைச் செய்து முடிப்பவனும் ஆவான். ஔவையின் கணக்கின்படியே பார்த்தாலும், வேலை முடிவில் அவனுக்குரிய சொல் அவனுக்குச் சேரவேண்டியதே என்பது நம் கருத்து.

அச்சொல்லுக்காக ஒரு மாணவர் எவ்வளவு ஏங்குவார் என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' சான்று. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்களோ அவரைத் தாமே கற்பியாமல், மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடங்கேட்க விட்டார். ஆசிரியரின் நேர்ப்பார்வை தம்மேல் விழவேண்டுமே என்று இளைஞர் தவித்தார். பிள்ளையவர்களுக்குச் செடிகொடிகள் மேல் பெருவிருப்பம். விடியற்காலையில் தோட்டத்தில் உலவி எந்தச் செடி புதிதாகத் தளிர்த்தது என்று பார்ப்பார். இதைக் கவனித்த சாமிநாதையர் அவருக்கு முன்பே எழுந்து தோட்டமெங்கும் தேடித் தளிர்களைக் கண்டுவைத்து, ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் உள்ளம் குளிர்ந்தது. பாடம் கேட்கும் வழி திறந்தது. தம் வரலாற்றில் ஓர் இயலுக்கே 'தளிர் ஆராய்ச்சி' என்று அவர் பெயரிட்டார். பின்னாளில் சங்க நூல்களைச் சுவடியிலிருந்து மீட்ட பேரறிஞர் ஒருவரின் கல்வி, ஆசிரியரின் முகமலர்ச்சியைப் பெறுவதற்கு அவரே வழி தேட வேண்டியிருந்த நிலையில் தொடங்கியது. தளிர் தேடத் தெரியாத மாணவர் எத்தனை பேர் திரும்பிப் போயினர் என்பதைச் சொல்ல எந்தச் சரித்திரமும் இல்லை.

இவ்விடத்தில் மஸ்ஜித் இந்தியாவுக்கு மீள்வோம். தமிழ் முஸ்லிம்களின் ஓதுபள்ளியில் பிள்ளைகள் கூட்டமாக அமர்ந்தாலும், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே ஆசிரியர் முன் சென்று தன் பகுதியை ஓதிக்காட்டும். ஒருவன் விரைந்து செல்வான். இன்னொருவன் ஒரே பக்கத்தில் பல நாள் நிற்பான். குர்ஆன் முழுவதையும் ஓதி முடிக்கும் நாள் 'கத்தம்' எனப்படும். அன்று இனிப்பு வழங்கப்படும், வீட்டார் மகிழ்வர். முதலில் முடித்தவனுக்கும் கத்தம் உண்டு. பல ஆண்டு கழித்து முடித்தவனுக்கும் அதே கத்தந்தான். மலாய்க்காரரிடையேயும் இவ்விழா சிறப்பாக நடைபெறுவதை நாம் அறிவோம். ஓதுபள்ளியிலும் பிரம்பு இருந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் கொண்டாட்டம் வரிசையைப் பார்க்காமல் நிறைவைப் பார்த்தது. திண்ணைப் பள்ளியிலும் படிப்பின் நகர்வு இவ்வாறே இருந்தது: ஆத்திசூடி முடித்தவன் கொன்றைவேந்தனுக்குப் போவான், அவனவன் வேகத்தில். ஒரே வயதினரை ஒரே வகுப்பில் வைத்து, ஒரே நாளில் ஒரே தாளில் அளந்து, முதல்வன் யார், கடையன் யார் என்று அறிவிக்கும் முறை பின்னர் வந்தது.

அது வந்த வழி விந்தையானது. சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆண் அனாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் இச்சோதனையை நூலாக்கினார். நம் சட்டாம்பிள்ளை இவ்வாறு கடல் கடந்து 'சென்னை முறை' ஆனார். பெல் அடியைக் குறைத்தார். அதற்கு மாறாக, நன்றாகச் சொன்னவன் வகுப்பில் மேலிடத்துக்கு ஏறுவதும் தவறியவன் கீழிறங்குவதுமாகப் போட்டியை வளர்த்தார். அவருடைய போட்டியாளராகிய ஜோசப் லங்காஸ்டர் பரிசுச் சீட்டுகளும் பதக்கங்களும் விளையாட்டுப் பொருள்களும் வழங்கினார். அதே வேளையில் குறும்பு செய்தவனைக் கூடையில் வைத்துக் கூரைக்கு இழுத்துத் தொங்கவிட்டார். கோதண்டமும் கடல் கடந்ததோ என்று நாம் ஐயுறலாம். அது தற்செயலாகவும் இருக்கலாம்.

அடிக்கு மாற்று பரிசு என்று அக்காலச் சீர்திருத்தர் மகிழ்ந்தனர். ஆனால் உள்ளங்கை வரிசை அப்படியே இருந்தது; மையின் நிறம் மட்டும் மாறிற்று. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவுக்கேற்ப மானியம் தரும் முறை வந்தபோது, பிள்ளையின் தேர்ச்சி ஆசிரியரின் சோற்றோடு கட்டப்பட்டது. தேறுவான் என்று தோன்றிய பிள்ளைமேல் ஆசிரியரின் கண் விழுந்ததற்கும், தேறமாட்டான் என்று தோன்றியவனிடமிருந்து அது அகன்றதற்கும் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. ஆயினும் நம் முன்னோரில் பெரும்பாலோரின் பள்ளி தோட்டப்பள்ளியே. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேரேனும் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. சட்டத்துக்காக நடந்த பள்ளிகள் பல. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராவார். ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பள்ளியாகும். விடியலில் பெரட்டுக்குத் தாயும் தந்தையும் போனபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, பிறகு பள்ளிக்கு வரும் பிள்ளை தாமதமாகத்தான் வரும். மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்று வெட்டுக்காட்டுக்குப் போவதே பெரும்பாலோரின் வழி. அங்கே பிரம்பும் இருந்தது, நல்ல ஆசிரியரும் இருந்தனர். தமிழகத்திலிருந்து வந்து, எழுத்தோடு நாடகமும் பாட்டும் திருக்குறளும் கற்பித்து, லயத்துப் பிள்ளையை மேடையேற்றிப் பேசவைத்த ஆசிரியர்கள் பலர். அவர்கள் பெயர் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. மேடையில் ஒரு நாள் நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு நாள் வாழ்நாள் முழுதும் உதவிற்று என்பதை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

விடுதலை பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கி நகர்ந்தபோது அவ்வெண் சுருங்கி, இன்று 530க்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்பைத் தலைமையாசிரியர் கையிலும் அவர் அனுமதித்தவர் கையிலும் ஒதுக்கி, பெண்பிள்ளைகளை அடிப்பதை விலக்கின. பிரம்பு இவ்வாறு பின்வாங்கியபோது முன்வந்தது தேர்வு. உயர்நிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964வரை பிள்ளைகளை வடிகட்டியது. அது நீங்கியபின், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு காத்திருந்தது. ஒத்த வயதுத் தோழர் முதலாம் படிவத்தில் இருக்க, ஓராண்டு பின்தங்கி நிற்கும் உணர்வைப் பலருக்கு அது தந்தது. 1988இல் யுபிஎஸ்ஆர் வந்தது.

யுபிஎஸ்ஆர் ஆண்டுகளை நாம் அனைவரும் அறிவோம். தமிழ்ப்பள்ளிகளில் ஏழு தாள். ஆதலால் '7ஏ' என்பது ஒரு பட்டமாயிற்று. முடிவு வெளிவந்த மறுநாள் தமிழ் நாளேடுகளில் பக்கம் பக்கமாகப் படங்கள். பொதுமன்றங்களும் ஆலயங்களும் வணிகர்களும் பரிசு வழங்கினர். இத்தெருக் கடைகளில் வாங்கிய பொன்னாடைகளும் அவ்விழாக்களுக்குப் போயிருக்கும். பல விழாக்களில் பிரமுகர்க்குப் பொன்னாடை போர்த்த ஆன நேரம் பிள்ளைகளுக்குப் பரிசு தர ஆன நேரத்தைவிட மிகுதி என்பதையும் ஓரமாகக் குறித்து வைப்போம். அப்பாராட்டை நாம் இழிவாகக் கருதவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தால் முன்னேற முடியாது என்ற ஏளனத்துக்கு ஒரு சமுதாயம் சொன்ன மறுமொழி அது. அப்படங்களைப் பார்த்துத்தான் பல பெற்றோர் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர். ஆனால் அதே வகுப்பில் மூன்று பாடத்தில் தேறாமல் இருந்து, ஆண்டு முழுதும் உழைத்து, இரண்டில் தேறிவிட்ட பிள்ளையின் படம் எந்த நாளேட்டிலும் வரவில்லை. அவள் ஏறிய படிகள் 7ஏ பெற்றவள் ஏறியவற்றைவிட மிகுதியாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு 2016இல் தேர்வின் அமைப்பு மாறியது. தாள் எட்டாயிற்று, உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் கூடின. முந்தைய ஆண்டில் நாடு முழுதும் அனைத்துப் பாடங்களிலும் ஏ பெற்றவர் 38,000க்கும் மேல்; அவ்வாண்டு 5,000க்கும் குறைவு. ஓராண்டில் பிள்ளைகளின் அறிவு அத்துணை குறைந்துவிடுமா? அளவுகோல் மாறியது, பாராட்டு மறைந்தது. எழுத்தை எழுதிய கை வேறாகிவிட்டால் உள்ளங்கையில் பெயர் இராது என்பதைப் பதினோரு, பன்னிரண்டு வயதில் அப்பிள்ளைகள் கண்டனர்.

உளவியலார் இதுபற்றிக் கண்டவை சிலவற்றை இங்குச் சொல்வது தகும். 1925இல் எலிசபெத் ஹர்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்து, கணக்குப் பயிற்சிக்குமுன் ஒரு பகுதியினரை நாள்தோறும் பெயர் சொல்லிப் பாராட்டினார். ஒரு பகுதியினரைக் கடிந்தார். அதே அறையில் அமர்ந்த மூன்றாம் பகுதியினரை ஒன்றும் சொல்லாமல் விட்டார். பாராட்டப்பெற்றோர் தொடர்ந்து முன்னேறினர். கடியப்பட்டோர் முதலில் முன்னேறிப் பிறகு தளர்ந்தனர். கண்டுகொள்ளாமல் விடப்பட்டோர் அவர்களுக்கும் பின்தங்கினர். பெல்லாரித் திண்ணையில் இரண்டாவதாக வந்த பிள்ளையின் சுழியத்தை நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பாராட்டு எதுவாயினும் நன்றே என்றும் சொல்வதற்கில்லை. 1973இல் மார்க் லெப்பரும் அவர் தோழரும் ஸ்டான்போர்டில் மழலையர் பள்ளியில் செய்த சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னர்ச் சான்றிதழ் இல்லாத நாள்களில் வரைவதைக் குறைத்துக்கொண்டனர்; முன்பு விரும்பி வரைந்த பிள்ளைகளே அவர்கள். 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும், 'நீ அறிவாளி' என்று புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப்பின் எளிதில் கைவிட்டதையும், 'நன்றாக உழைத்தாய்' என்று கேட்ட பிள்ளைகள் கடினமானதை நாடியதையும் காட்டினர். தமிழில் இவ்வேறுபாட்டைச் சொல்லப் புதுச்சொல் வேண்டியதில்லை. 'கெட்டிக்காரன்' என்பது ஆளைப் புகழ்வது. 'இந்தப் பத்தியில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை' என்பது செயலைப் புகழ்வது. பின்னதைச் சொல்ல ஆசிரியர் அப்பத்தியைப் படித்திருக்க வேண்டும் என்பதே இடர்ப்பாடு. நாற்பது ஏடுகளையும் படிக்க நேரமின்றி 'சபாஷ்' என்று முத்திரை குத்தும் ஆசிரியரின் சுமையையும் நாம் அறிவோம்.

மரியா மாண்டிசோரி இன்னும் கடுமையாகச் சென்றார். பரிசும் தண்டனையும் இரண்டுமே வேண்டா என்றார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்கிப் பல நூறு ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தவர் அவர். தம் முதற்பள்ளியில் கண்ட ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். நன்னடைக்காகப் பதக்கம் அணிந்திருந்த பையன் ஒருவன் தன் வேலையில் மூழ்கி இங்குமங்கும் சென்றுகொண்டிருந்தான்; தண்டனையாக நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட மற்றொருவன் பக்கத்தில் இருந்தான். பதக்கம் கீழே விழுந்தது. உட்கார்ந்திருந்தவன் எடுத்துக் காட்ட, வேலையில் இருந்தவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. நீயே வைத்துக்கொள் என்னும் நிலையில் போய்விட்டான். தண்டிக்கப்பட்டவன் அதை மாட்டிக்கொண்டு நிறைவோடு அமர்ந்திருந்தான். வேலையே இன்பமானவனுக்குப் பதக்கம் தேவைப்படவில்லை என்று அவர் இதிற் கண்டார். நாம் அதில் வேறொன்றும் காண்கிறோம்: வேலை கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவனுக்கு அது தேவைப்பட்டது. மாண்டிசோரியின் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் அவர்களைக் கண்டுகொள்ள ஆளிருந்தனர் என்றால், பாராட்டே வேண்டா என்ற முடிவு அவர்களுக்குப் பொருந்தும். அவ்வாறு எவருமில்லாத பிள்ளைக்கு அதே முடிவைச் சொல்ல நாம் தயங்குகிறோம்.

நம் நாட்டில் 2019இல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு நீக்கப்பட்டது. 2021இல் யுபிஎஸ்ஆர் முற்றும் நீங்கியது. இன்று வகுப்புசார் மதிப்பீட்டில் ஆசிரியர் பிள்ளையின் அடைவுநிலையை ஆறு படிகளில் குறிக்கிறார். கோட்பாட்டளவில் இது ஓதுபள்ளியின் கத்தத்துக்கு நெருங்கியது: ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில். நடைமுறையில் பெற்றோர் பலர், 'என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது?' என்றே இன்னும் கேட்கின்றனர். எண் கிடைக்காதபோது துணைப்பாட நிலையங்களிடம் எண் வாங்கச் செல்கின்றனர். பல தலைமுறை பழகிய வரிசையை ஒரு சுற்றறிக்கை கலைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வரிசையில்லாமல் பிள்ளைகளை ஊக்கிய முயற்சி நம்மிடையே நடந்தது என்பதையும், அது வெற்றி பெற்றது என்பதையும் சொல்லி முடிக்க விரும்புகிறோம். 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களின் முற்பகுதியில் அவ்விதழில் மாணவர்க்கென 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை அமைத்தார். அப்போது கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பெரியவர்களுக்காக, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பை முடித்திருந்தது. அங்கே தரம் பிரித்தல் உண்டு. மணிமன்றத்தின் வழி வேறு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையும் கதையும் பாட்டும் எழுதியனுப்பினர், அவை அச்சேறின. தோட்டத்துப் பிள்ளையின் பெயர், கடல் கடந்து அச்சாகி, நாளேட்டில் திரும்பி வந்தது. பெயர் அச்சிற் கண்டவர் மறுபடி எழுதினர். ஊர்தோறும் மணிமன்றங்கள் தோன்றின. பேச்சும் நாடகமும் தமிழர் திருநாள் போட்டிகளும் வளர்ந்தன. பிற்காலத்து மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் அவ்வேரிலிருந்து கிளைத்தவை. இந்நாட்டின் எழுத்தாளரும் ஆசிரியரும் செய்தியாளருமாய்ப் பலர், தம் முதல் எழுத்து அப்பகுதியில் வந்தது என்று பெருமையோடு கூறினர்.

அங்கே முதற்பரிசு இல்லாமலில்லை, போட்டிகள் நடந்தன. ஆனால் அன்றாட ஊக்கம் பரிசாக வரவில்லை, படிக்கப்பட்டோம் என்ற உறுதியாக வந்தது. ஒருவர் தாம் எழுதியதை வாசித்தார், பொருட்படுத்தினார், ஊரார்முன் வைத்தார் என்பதற்கு மேல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறு சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இன்று மின்பக்கங்களாக்கி இணையத்தில் எவரும் காணும்படி வைத்துள்ளது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் எழுபது, எண்பது வயதுத் தாத்தா பாட்டியரின் பெயர்கள் சில அம்மாணவர் பக்கங்களில் இருக்கக்கூடும். பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.